வுல்பிட்டில் இருக்கும் நாட்கள்

ஜூலை 6
அறை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பஸ் இருக்கிறது, அது போதும். ஊர் இங்கிலாந்தின் சஃபக்கில், பெயர் வுல்பிட். கம்பளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஓநாய் பிடிக்க வெட்டிய குழிகளால் வந்த பெயர்.

ஜூலை 7
தம்பி இன்றும் சாப்பிடவில்லை.

ஜூலை 9
ஊர்ப் பலகையில் ஓநாயோடு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். யாரென்று தேடிப் படித்தேன், தூக்கம் போய்விட்டது. 12ஆம் நூற்றாண்டு, ஸ்டீபன் ராஜா காலம். அறுவடை நேரத்தில் அந்தக் குழிகள் பக்கம் ஓர் அக்காவும் தம்பியும் கிடைத்திருக்கிறார்கள், உடம்பெல்லாம் பச்சை, பேசுவது யாருக்கும் புரியவில்லை. ரிச்சர்ட் டி கால்ன் என்ற பிரபு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். எதை வைத்தாலும் தொடவில்லையாம். அப்புறம் செடியோடு அறுத்துவந்த பிராட் பீன்ஸைப் பார்த்ததும் கைகாட்டிக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் காயை விட்டுவிட்டுத் தண்டைப் பிளந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று அழுதிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர்கள்தான் காயை உரித்துக் காட்டினார்கள். இதை எழுதிய காகஷல் ரால்ஃப், அந்தப் பிரபு வீட்டாரிடமே கேட்டவர். தண்டைப் பிளந்ததை யாரும் கற்பனையில் சொல்லியிருக்க முடியாது. நான் நம்புகிறேன்.

ஜூலை 10
இரண்டு ஸ்பூன் சூப். இரண்டு!

ஜூலை 12
பச்சை நிறத்துக்குச் சோகைதான் காரணம் என்கிறார்கள். இருக்கலாம், நன்றாகச் சாப்பிட்ட பிறகு அந்தப் பெண்ணுக்கு நிறம் மாறிவிட்டதே. 1173இல் இந்தப் பக்கத்தில் நடந்த ஃபோர்னம் சண்டையில் பெற்றோரை இழந்த ஃபிளெமிஷ் (இன்றைய பெல்ஜியம் பக்கத்து) குழந்தைகள் என்பதுதான் ஒட்டவில்லை. ஸ்டீபன் 1154லேயே இறந்துவிட்டார். என் வருத்தம் வேறு. அவர்கள் பேசியதில் ஒரு சொல்லைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை.

தம்பி தூக்கத்தில் ஏதோ சொன்னான், புரியவில்லை.

ஜூலை 13
தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தேன். கூரை முழுக்க மரத்தில் செதுக்கிய தேவதைகள். ரால்ஃபைப் போலவே அந்தக் காலத்தில் இதை எழுதிவைத்த இன்னொருவர் நியூபர்க் வில்லியம். அவர் எழுதியதில், அப்பாவின் மாடுகளை மேய்க்கும்போது மணியோசை கேட்டது, அடுத்த நிமிடம் இங்கே இருந்தோம் என்று குழந்தைகள் சொல்கிறார்கள். அவர்கள் ஊர் புனித மார்ட்டின் நாடு. அங்கே சூரியன் கிடையாது, எப்போதும் அந்தி வெளிச்சம்தான். வார்டிலும் திரை போட்டே வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 15
9ஆம் தேதி எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். பையன் சீக்கிரமே இறந்துபோனான். அக்கா பிழைத்து, எல்லாம் சாப்பிடப் பழகி, ஆங்கிலம் கற்று, அந்த வீட்டிலேயே பல வருஷம் இருந்திருக்கிறாள். லின் ஊர்க்காரரைக் கல்யாணம் செய்ததாக வில்லியம் சொல்கிறார். அவள் மொழியில் பேச அவளுக்கு ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை.

ஜூலை 16
பீன்ஸ் வாங்கி, உரித்து, குழைய வேகவைத்து டப்பாவில் போட்டாயிற்று. பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம். போன் அடிக்கிறது