ஜூன் 24: ஒரு தாளில் இரண்டு பிறப்புகள்

எங்கள் வீட்டு முகப்புத் தூணில் தொங்கும் நாட்காட்டியில் நாள்தோறும் காலையில் ஐயாதான் தாள் கிழிப்பார். ஆனால் ஜூன் 24 தாளை மட்டும் கசக்கி எறியாமல், நான்காக மடித்துக் கணக்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். காரைக்குடியை அடுத்த சிறுகூடல்பட்டியில் 1927ஆம் ஆண்டு அந்த நாளில்தான் முத்தையா என்ற இயற்பெயர் கொண்ட கண்ணதாசன் பிறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1928இல், அதே தேதியில் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எம். எஸ். விஸ்வநாதன் பிறந்தார். ஒருவர் சொல்லும் மற்றவர் மெட்டும் எத்தனை ஆண்டுகள் பிரியாமல் நடந்தன என்பதை எண்ணும்போது, இந்தத் தேதிப் பொருத்தம் எனக்கு இன்றும் மெய்சிலிர்ப்பைத் தருகிறது.

உலக வரலாற்றில் இதே நாளில் 1812இல் நெப்போலியனின் படை நீமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் நுழைந்தது. 1948இல் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளைச் சோவியத் ஒன்றியம் அடைத்துவிட, அந்நகர மக்களுக்கு மாவும் நிலக்கரியும் மாதக்கணக்கில் விமானத்திலேயே வந்து இறங்கின. இவையெல்லாம் பெரிய செய்திகள்தாம். ஆயினும் எங்கள் பக்கத்தில் அந்தத் தேதி கவிஞருடையது.

பிறந்த நாள் ஒன்றாக அமைந்த இருவருக்கும் மறைந்த நாள் அப்படி அமையவில்லை. கவிஞர் 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் மறைந்தார். மெல்லிசை மன்னர் அதன்பின் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, 2015 ஜூலை 14 அன்று சென்னையில் காலமானார். அந்த ஆண்டு ஜூலைத் தாளையும் ஐயா மடித்து அதே பெட்டிக்குள் வைத்தார்.