சாவியை விட்டாலும் விடாத செல்ப்

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரத்தில் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை மெக்கானிக்குகளுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. ஏப்ரல் 15-இல் கட்டிப்போட்ட விசைப்படகுகள் ஜூன் 14 முடிந்ததும் கிளம்ப வேண்டும். 61 நாள் சும்மா கிடந்த எஞ்சினைக் கடைசி இரண்டு நாளில்தான் எழுப்பிப் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், டிரைவர் அண்ணன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சாவியை விட்ட பிறகும், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும் செல்ப் மோட்டாரின் சத்தம் அடங்கவில்லை. ஏறி ஏறி விசில் மாதிரி ஆனது. ஸ்டாப் கம்பியை இழுத்தார். டீசல் நின்றும் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருந்தது. செல்ப்தான் அதைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி, பேட்டரியைக் கழட்டுடா, புகையுது!"

படகில் பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைத் தளர்த்தித் தூக்கினேன். பளீரென்று தீப்பொறி. பேட்டரியில் ஹைட்ரஜன் வாயு சேரும், பக்கத்தில் பொறி ஆகாது என்பதெல்லாம் தெரிந்தவன்தான். பயம் என்னவோ வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் வந்தது.

செல்ப்பின் சின்னப் பல்சக்கரமான பினியனில் 10 பல், அது சுற்றிவிடும் எஞ்சினின் பெரிய பல்சக்கரமான பிளைவீல் ரிங்கில் 130 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 700 சுற்று ஓடினாலே பினியன் 9,100 சுற்று சுற்றும். உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச், மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சரைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும், அவ்வளவுதான். சில விநாடி வேலைக்கென்று செய்த மோட்டார் அது.

சாவி திருப்பியதும் செல்ப்புக்குக் கரண்டை விடும் காந்த சுவிட்ச்தான் சொலினாய்டு. மறுநாள் காலை அதற்கு வரும் சாவி வயரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். செல்ப் உடனே ஓடியது. வயர் இல்லாமலேயே ஓடினால் சாவியில் குற்றமில்லை. சொலினாய்டுக்குள் கரண்டைச் சேர்க்கும் செம்புத் தட்டு, அதாவது காண்டாக்ட், ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். புது சொலினாய்டு போட்டேன், கூலி வாங்கினேன், படகு கடலுக்குப் போனது. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்று டீக்கடையில் பெருமை வேறு.

பதினைந்தாம் நாள் அதே படகு, அதே விசில். டிரைவர் அண்ணன் இந்த முறை சுத்தியலால் சொலினாய்டைத் தட்டி விடுவித்திருந்தார். கடலில் வேறு என்னதான் செய்வார்? அந்தச் சொலினாய்டைக் கழற்றிப் பிரித்தேன். செம்புத் தட்டில் உருகி வழிந்த மேடு, பக்கத்தில் கறுத்த குழிகள். முதலில் கழற்றியதையும் அன்றே பிரித்துப் பார்த்திருக்கலாம். தூக்கி மூலையில் போட்டிருந்தேன்.

செம்பு சும்மா உருகாது. வோல்டேஜ் குறைந்தால் சொலினாய்டுக்குள் காயிலின் பிடி தளரும். காண்டாக்ட் விலகும், விலகியதும் சுமை இறங்கி வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். 'டக டக டக'. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு பொறி. ஏதோ ஒரு பொறியில் ஒட்டிக்கொள்ளும். டிரைவரிடம் கேட்டேன். "ஆமாம் தம்பி, காலையில முதல் அடிக்கு அப்படித்தான் தட்டும். ரெண்டு வருஷமா அப்படித்தான்."

24 வோல்ட் படகு. பேட்டரி இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, செல்ப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2.8. அவ்வளவும் வழியிலேயே வீணாகிறது. அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் கேபிள் வெளியே பளபளவென்று இருந்தது, யாரோ பெயின்ட்கூட அடித்திருந்தார்கள். கேபிள் முனையில் மாட்டியிருக்கும் உலோக வளையமான லக்குக்குப் பக்கத்தில் ரப்பரைக் கத்தியால் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைக் களிம்பு. விரலில் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீர் லக் வழியாக ஏறி முழங்கை நீளத்துக்குத் தின்றிருந்தது.

புதுக் கேபிள், புது லக், பிளாக்கில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முறுக்கினேன். கூடவே ஒரு கட்-ஆஃப் சுவிட்சும். மீட்டர் 0.3 காட்டியது.

முதலாளி கேபிள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப குத்தம் இதுலதான்னா, மொதல்ல சொலினாய்டு மாத்துனதுக்கு எதுக்குப்பா கூலி வாங்குன?"

பதில் இல்லை. இந்த முறை சாமானுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டேன்.