ஒட்டிய திசுவில் ரத்தம் ஓடுகிறதா?

புற்றுநோய்க்காகத் தாடையையோ மார்பகத்தையோ அகற்றியபின், உடலின் வேறோர் இடத்திலிருந்து சதையை ரத்தக்குழாயோடு எடுத்து வைத்துத் தைக்கிறார்கள். அந்தக் குழாயின் விட்டம் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான்! திசுவின் நிறத்தைப் பார்ப்பதும் அழுத்திப் பார்ப்பதும் மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். அளக்க வேண்டும். இண்டோசயனைன் கிரீன் என்ற சாயத்தைச் சிரையில் செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், ரத்தம் எட்டிய பகுதி ஒளிர்கிறது. எட்டாத ஓரம் இருண்டே கிடக்கிறது. அதை அப்போதே வெட்டி நீக்கிவிடலாம். குழாயில் பொருத்தும் மீயொலி அளவியோ, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று எண்ணாகவே சொல்கிறது.

தமனியைவிடச் சிரையில்தான் அடைப்பு அதிகம். முதல் 48 மணி நேரம் செவிலியர் அடிக்கடி டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் மீயொலிக் கருவி) வைத்துக் கேட்பது அதற்காகத்தான். சீக்கிரம் கண்டால், மீண்டும் திறந்து திசுவைக் காப்பாற்றப் பெரும்பாலும் வழி இருக்கிறது.