ஒன்பது புத்தகம், ஒரே அட்டை: மூன்றாம் மாதக் கணக்கு

கொலைச் சிந்தை, அதாவது ஒரு கொலையைப் பற்றிய தெருப்பாட்டுப் புத்தகத்தை, கணினியில் ஏற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. 212 வரி. நேற்று ராத்திரி கடைசி வரியையும் சரிபார்த்து வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன். மற்ற எட்டும் எந்த லட்சணத்தில் கிடக்கின்றன என்று போகப் போகத் தெரியும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக மட்டும் இரண்டு வரி. பெங்களூர் அவென்யூ ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பழைய பேப்பர் கடை. தமிழ்ப் புத்தகம் யாரும் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டே 350 ரூபாய் வாங்கிக்கொண்டு தந்த கட்டு இது. யாரோ ஒரு புண்ணியவான் ஒன்பது சிறு புத்தகங்களைச் சேர்த்து ஒரே காலிகோ துணி அட்டைக்குள் தைத்து வைத்திருக்கிறார். மாட்டு வைத்தியம், பல்லி விழும் பலன், நீதி நூலுக்கு உரை, கொலைச் சிந்து, மாமியார் மருமகள் ஏசல், மகுடாபிஷேகக் கும்மி, அர்ஜி (மனு) எழுத மாதிரிகள், சமையல், இந்துஸ்தானி வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் அச்சடித்த ஒரு பேச்சுப் புத்தகம். இவ்வளவையும் படித்தவர் ஒரே ஆளா, வீட்டில் ஆளுக்கொன்றாக வாங்கினார்களா தெரியவில்லை. பல்லிப் புத்தகம்தான் கைபட்டுக் கைபட்டு அதிகம் கிழிந்திருக்கிறது.

வருடம் கண்டுபிடித்த கதையில் எனக்குக் கொஞ்சம் மானம் போனது. மாட்டு வைத்தியத்தின் முகப்பில் ‘சாதாரண’ என்று இருந்தது, பக்கத்தில் ஒரு சுழி. மலிவுப் பதிப்பு போலிருக்கிறது என்று நினைத்து, கோப்புக்கே ‘சாதாரணப் பதிப்பு’ என்று பெயர் வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தச் சுழி ௵, அதாவது வருடக் குறி என்று உறைத்தது. சாதாரண வருடம், அறுபதில் நாற்பத்து நான்காவது. அப்படியென்றால் 1910-11, இல்லையென்றால் 1850-51. அட்டையின் பின்பக்கம் 1867-ஆம் வருஷத்து 25-வது ஆக்ட்டின்படி பதிவு செய்தது என்று பொடி எழுத்தில் இருந்ததால் 1850 கழன்றுகொண்டது. கும்மிக்கு இந்தக் கஷ்டமே இல்லை. அடுத்த வருடமான விரோதிகிருது, ஆனி மாதம், ஐந்தாம் ஜார்ஜுக்கு மகுடம். லண்டனில் அவருக்கு முடிசூட்டியது 1911 ஜூன் 22. சூட்டோடு சூடாக அச்சடித்திருக்கிறார்கள்.

இனி அழுகைக்கு வருகிறேன். மொத்தம் மூன்று தடவை தோற்றேன்.

முதல் தடவை, படம் எடுத்து அப்படியே டெசராக்ட்டில், அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக மாற்றும் மென்பொருளில், போட்டேன். பக்கம் முழுக்கப் புள்ளி மழை. ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க்’, ‘த’ இருக்க வேண்டிய இடத்தில் ‘த்’. மென்பொருளைத் திட்டித் தீர்த்தபிறகு பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எழுத்துக்கு மேலே இராமபாணப் பூச்சி போட்ட ஓட்டைகள். அடியில் இருந்த கறுப்புத் துணி அந்த ஓட்டை வழியாகத் தெரிந்து, ஒவ்வொன்றும் புள்ளியாகிவிட்டது. வெள்ளைத் தாளை வைத்தாலும் ஓட்டையின் ஓரம் கோடாக விழுகிறது. கடைசியில் பழைய கணக்கு நோட்டு ஒன்றிலிருந்து, அதே பழுப்பில் ஒரு எழுதாத தாளைக் கிழித்து ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் செருகினேன். புள்ளிகள் போயின. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்குப் பதினைந்து நாள் மிச்சமாகியிருக்கும். இப்போது நான் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது தடவை, பழைய எழுத்து. துதிக்கை வைத்த லை, ளை, னை, ணை. சுருட்டிப் போட்ட ணா, றா, னா. 1978-ல் தமிழ்நாட்டு அரசு மாற்றிய 13 எழுத்துகளும் இங்கே பழைய கோலத்தில் நிற்கின்றன. யூனிகோடில் இவற்றுக்குத் தனி இடம் கிடையாது, அது ஒரு விதத்தில் நல்லது. படம்தான் வேறே தவிர, தட்டச்சு செய்வது இன்றைய ‘லை’யேதான். ஆகவே வரி வரியாகப் படத்தை வெட்டி, பக்கத்தில் சரியான வரியைத் தட்டி, 640 வரிகளை வைத்து டெசராக்ட்டுக்குப் பாடம் நடத்தினேன். நீதி நூல் உரையில் நூற்றுக்குப் பதின்மூன்று பிழை மூன்றாகக் குறைந்தது. குதித்தேன். அதே கையோடு சிந்தைப் போட்டேன். பதினொன்று.

மண்டை காய்ந்தது. அச்சு கிட்டத்தட்ட ஒன்றுதான், எழுத்தின் அளவும் ஒன்றுதான். அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. பாடம் நடத்திய 640 வரியும் உரையாசிரியருடையவை. ‘என்பதாம்’, ‘என்றறிக’ என்று முடிகிற ஆள் அவர். டெசராக்ட் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை, முன்னும் பின்னும் என்ன வந்தது என்பதையும் வைத்து ஊகிக்கிறது. உரையாசிரியரிடம் வளர்ந்த பிள்ளையைத் தெருப்பாட்டுக்காரனிடம் அனுப்பினால் அது அவன் பேச்சையும் உரை மாதிரியே கேட்கும். கேட்டது. ஏசலில் இன்னும் மோசம்.

மூன்றாவது தடவை செய்ததுதான் மகா தப்பு. பிழை திருத்த ஒரு ஏஐ சாட்பாட்டிடம் கொடுத்தேன். பளபளவென்று வந்தது. ‘வெட்டிப்புட்டான்’ எல்லாம் ‘வெட்டிவிட்டான்’. ‘அண்ணே’ எல்லாம் ‘அண்ணா’. மாமியார் வாயிலிருந்த ‘மூதேவி’ காணவே காணோம். அந்த அம்மாள் மருமகளிடம் ஏதோ ஆபீஸ் கடிதம் எழுதுகிற மாதிரி பேசுகிறாள். மாட்டு வைத்தியர், தெருப்பாட்டுக்காரர், அர்ஜிக்காரர், மாமியார் எல்லோருக்கும் ஒரே தொண்டை. அந்தக் கோப்பை அழித்துவிட்டேன். அழித்ததில் வருத்தமில்லை, அதை நம்பி முதல் பிரதியையும் தூக்கிப் போட்டிருந்தேன் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். நாற்பது பக்கம் மறுபடி.

காப்பாற்றியது எதிர்வீட்டுப் பெரியம்மா. குடியாத்தத்திலிருந்து அல்சூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், வயது எழுபத்தாறு. தாள் மிச்சம் பிடிக்க, சிந்தை உரைநடை மாதிரி ஓட்டி அச்சடித்திருக்கிறார்கள், வரி எங்கே முடிகிறது என்றே தெரியாது. சும்மா படித்துக் காட்டினேன். “இன்னா கண்ணு, பாட்டைப் போய் பேப்பர் மாதிரி படிக்கிறியே” என்று வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார். கூத்தில் கேட்ட மெட்டாம். பாடிக்கொண்டே போகிறவர் திடீரென்று நின்று, “இங்க இடிக்குது” என்பார். மூலத்தைப் பார்த்தால் அங்கே ஒரு எழுத்து விழுந்திருக்கும், அல்லது டெசராக்ட் ஒரு குறிலை நெடிலாக்கியிருக்கும். 212 வரியில் 31 இடத்தில் நிறுத்தினார். அதில் 28 நிஜமான பிழை. இதைவிட நல்ல மெய்ப்புக் கருவி எனக்குத் தெரியாது. சம்பளம்: கண்ணாடிக்குப் புதுக் காது, இரண்டு டீ.

மிச்சம் மூன்றில் ஒன்று இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் பக்கங்களில் ‘வாறாள்’, கடைசிப் பக்கங்களில் ‘வாராள்’. பாட்டுக்காரர்தான் மாற்றினாரா, இல்லை அச்சுக்கோத்தவரின் பெட்டியில் அந்தச் சுருட்டை றா தீர்ந்துபோய் ரா போட்டு ஒப்பேற்றினாரா? எண்ணிப் பார்த்தேன். முதல் நான்கு பக்கத்தில் றா பதினேழு, கடைசி நான்கில் இரண்டே இரண்டு. எனக்கு அச்சுக்கோத்தவர் மேல்தான் சந்தேகம். இருந்தாலும் அச்சில் உள்ளபடியே விட்டிருக்கிறேன். பெரியம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் ‘வார்றா’ என்றே பாடுகிறார்.

மாட்டு வைத்தியத்தில் வேறு தலைவலி. தமிழ் எண்கள். ௧ என்பது ‘க’ மாதிரி, ௨ ‘உ’ மாதிரி, ௪ ‘ச’ மாதிரி, ௭ ‘எ’ மாதிரி, பத்துக்கான ௰ ‘ய’ மாதிரி. ‘பலம் ச’, ‘படி உ’ என்றால் சிரித்துவிட்டுத் திருத்தலாம். ஒரு கஷாயத்தில் எள்ளும் வருகிறது, ஏழும் வருகிறது, நடுவில் இராமபாணமும் வந்து போயிருக்கிறது. ‘எ’ மட்டும் மிச்சம். ஏழு பலம் என்றால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எந்த மாடு குடித்ததோ.

பொருள் வாங்க அலைந்ததில் ஒரு குறிப்பு. பக்கத்தை அழுத்திப் பிடிக்க எஸ்.பி. ரோட்டில் அக்ரிலிக் பலகை வெட்டி வாங்கினேன். ஒரே வாரத்தில் கீறல், கீறலெல்லாம் எழுத்தின் கால்கள் ஆகிவிட்டன. கண்ணாடிக் கடையில் சாதா 4 மில்லிமீட்டர் கண்ணாடியே வாங்கி ஓரம் தேய்த்துக் கொள்ளுங்கள், பாதி விலை. கிழிசலுக்கு மைதா பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்வார்கள் பழைய பைண்டர்கள். பூச்சி வராது, ஆனால் விஷம். வீட்டில் குழந்தை இருப்பதால் நான் போடவில்லை, கோதுமை மாவுப் பசையோடு சரி.

ஏசலை அடுத்து எடுப்பதாகத்தான் திட்டம். புதுப் பாடம் நடத்த அதிலிருந்தே 300 வரி தட்ட வேண்டும், எழுபதில் நிற்கிறேன். ஆனால் நேற்று காலை இந்துஸ்தானிப் புத்தகத்தைச் சும்மா புரட்டப் போய் மாட்டிக்கொண்டேன். துரைக்கும் குதிரைக்காரனுக்கும் நடக்கிற பேச்சு. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ‘கோடா’, ‘பானி’, ‘ஜல்தி’. தமிழில் ககரம் ஒன்றுதானே, அதனால் ‘கானா’ என்று வருகிற இடமெல்லாம் சோறா, பாட்டா என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டியிருக்கிறது. மாடி வீட்டில் சிவாஜிநகர்க்காரர் ஒருவர் இருக்கிறார், தக்கினி உருது பேசுவார். ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்து வலது பக்கத்தை வாசிக்கச் சொல்ல வேண்டும். பெரியம்மா இதைக் கேள்விப்பட்டு, அப்போ ஏசலை எப்போ எடுக்கப் போறே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமியார் பங்கைத் தான்தான் படிப்பாராம்.