கம்பெனிக்கு வெளியே கொஞ்சம் பணம்

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடியபோது, என் மாமனாரின் நிட்டிங் யூனிட்டுக்கு வேலை வருவதும் நின்றுபோனது. முப்பது வருட உழைப்பு மெஷினிலும் வராத பாக்கியிலும் முடங்கிக் கிடந்தது. தன் பெயரில் தனியாக அவர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை ஏக்கர் தோட்டத்தை விற்றுத்தான் கடனை அடைத்தார். இன்றைக்கும் மாத்திரைக்கு மகனிடம் பணம் கேட்கும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். எனக்கு அது பொறுக்காது.

நானும் கணவரும் இப்போது பிரைவேட் லிமிடெட்டாகப் பனியன் கம்பெனி நடத்துகிறோம். இருவரும் டைரக்டர்கள், ஆளுக்கு மாதம் 2 லட்சம் சம்பளம். 2016-ல் 50,000 ரூபாய் கூடுதல் வரி விலக்குக்காக நான் ஒரு என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கு ஆரம்பித்திருந்தேன். புதிய வரி முறைக்கு மாறிய பிறகு அந்த விலக்கும் இல்லை, சேமிப்புக்கான 80சி விலக்கும் இல்லை என்றானதும் பணம் போடுவதையே விட்டுவிட்டேன்.

2024 ஜூலை பட்ஜெட் முடிந்ததும் ஆடிட்டர் கூப்பிட்டார். "நீங்க போட்டாத்தானுங்க விலக்கு இல்லை. கம்பெனி உங்களுக்காகப் போட்டா புது முறையிலயும் உண்டுங்க. அடிப்படைச் சம்பளத்துல 10 சதவீதமா இருந்ததை இப்ப 14 ஆக்கிட்டாங்க" என்றார். என் அடிப்படைச் சம்பளம் ஒன்றரை லட்சம். 14 சதவீதம் என்றால் மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. அதே 2 லட்சத்துக்குள்ளிருந்தே இதைப் பிரித்துக்கொள்ளலாம். அந்த வருட விகிதப்படி என்னைப் போல 30 சதவீத வரியில் இருப்பவருக்கு, செஸ்ஸும் சேர்த்து முழு வருடத்தில் 78,624 ரூபாய் வரி மிச்சம். கம்பெனிக்கும் அது செலவுக் கணக்கில் போகும்.

கோபியில் என் அண்ணனுக்குச் சொன்னேன். அவருடையது பார்ட்னர்ஷிப். பார்ட்னர் எடுக்கும் சம்பளத்தை வரிச் சட்டம் தொழில் வருமானமாகத்தான் பார்க்கிறது, அதனால் இந்த வழி அவருக்கு இல்லை. பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) போடச் சொன்னேன். வருடம் ஒன்றரை லட்சம்தான் போட முடியும், 15 வருடம் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் வட்டிக்கு வரி கிடையாது. கடனுக்காக நீதிமன்றம் அதை ஜப்தி செய்யவும் முடியாது. பேங்க் லோனுக்குச் சொந்த ஜாமீன் போட்டிருக்கும் நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். போர்டு தீர்மானம் எழுதி, ஒரு பேங்க் மூலம் கம்பெனியைப் பதிவு செய்தோம். எனக்குப் புதுக் கணக்குப் படிவம் கொடுத்தார்கள், அது திரும்பி வந்தது. ஒருவருக்கு ஒரே ப்ரான் எண்தான் (என்பிஎஸ் கணக்கு எண்), பழைய கணக்கையே கம்பெனிப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். அதற்குத் தனிப் படிவம் கொடுத்தேன். ஆதாரில் இனிஷியல், பானில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்ததைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஓடியது.

அக்டோபர், நவம்பர் பணம் போனது. நிம்மதியாக இருந்தேன். டிசம்பரில் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால், இரண்டு தவணையும் என் சொந்தப் பங்காக ஏறியிருக்கிறது! மாற்றம் முடிவதற்கு முன்பே பணத்தைப் பழைய தனிக்கணக்கு வழியில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த 42,000-ஐ நான் எடுத்த சம்பளமாகவே வைத்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அதற்கான விலக்கு போனது, வரி மட்டும் 13,104. டிசம்பர் தவணையிலிருந்து நிறுவனப் பங்கு என்ற இடத்தில் சரியாக வருகிறது. முதல் தவணை கணக்கில் ஏறியதுமே ஸ்டேட்மென்டை இறக்கி, பணம் எந்தப் பங்கில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பேங்கில் கொடுக்கும் ரசீதை வைத்து அது தெரியாது.

குறையும் இருக்கிறது. முடிவில் ஒரு பகுதிக்குக் கட்டாயம் பென்ஷன் திட்டம் வாங்க வேண்டும், அந்த மாதப் பென்ஷனுக்கு வரியும் உண்டு. தெரிந்தேதான் போட்டேன். மாமாவிடம் ஸ்டேட்மென்டைக் காட்டியபோது, "ஏனம்மிணி, நூல் வாங்க அவசரம்னா இதை எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"அதுக்கெல்லாம் தரமாட்டாங்க மாமா."

"அப்பச் சரி. அவனுக்கும் போடச் சொல்லு."

கணவருக்கு ஏப்ரலில் ஆரம்பித்தோம். போன வாரம் எங்கள் கட்டிங் மாஸ்டரும் வந்து கேட்டார். அவருடைய பெயரும் ஆதாரில் ஒரு மாதிரி, பானில் ஒரு மாதிரிதான். முதலில் அதைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறோம்.