தர்மபுரியில் இருந்து முதல் மெக்கானிக்கல் கீபோர்டு: பாகம் சேர்க்கும் குறிப்பு

இன்றைய நிலவரம்: 65 சதவீத பிசிபி (விசைகளின் மின்சுற்று அட்டை), 80 ஸ்விட்ச் (ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருப்பது), திருகி மாட்டும் ஸ்டெபிலைசர் (நீள விசை சாயாமல் தாங்கும் கம்பி அமைப்பு) ஒரு செட் கைக்கு வந்தாயிற்று. பிளேட் (ஸ்விட்சுகளைப் பிடிக்கும் தகடு) வரைபடத்தைக் காகிதத்தில் ஒத்துப்பார்த்தாயிற்று, ஓசூரில் வெட்டக் கொடுக்க வேண்டும். கேஸ், அதாவது வெளிக்கூடு, அக்ரிலிக்கில், உள்ளூரிலேயே. விரல் படும் தொப்பியான கீகேப் இன்னும் வாங்கவில்லை. அதைக் கடைசியில்தான் வாங்க வேண்டும்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில் மயங்கிக் கீகேப்பை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு அதற்கேற்ற பிசிபி கிடைப்பதில்லை. எல்லா அளவையும் முடிவு செய்வது பிசிபிதான். ஸ்டெபிலைசர் எத்தனை, பிளேட்டில் துளை எங்கே, ஸ்பேஸ்பார் எவ்வளவு நீளம், வலது ஷிப்ட் எவ்வளவு குட்டை என்பதெல்லாம் அதிலிருந்தே வரும். எனவே பிசிபி கைக்கு வரும்வரை வேறெதற்கும் பணம் கட்ட வேண்டாம்.

எந்த அளவு

65 சதவீதம் என்பது முழுக் கீபோர்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவுப் பெயர், அதில் 67 அல்லது 68 விசை இருக்கும். 68 விசைப் பலகையை வரிசையாக எண்ணினால் 15, 15, 14, 14, 10. ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் நடுவிலிருந்து நடுவுக்கு 19.05 மி.மீ. இதைத்தான் 1 யூ என்கிறார்கள். முழு அகலம் 16 யூ, அதாவது 304.8 மி.மீ, சரியாக ஓர் அடி.

தமிழ்99இல் தட்டச்சு செய்கிறவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அமைப்பில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்பு விசைகளில் இருக்கின்றன. அரைப்புள்ளி விசையில் ந, மேற்கோள் விசையில் ய, சாய்கோட்டு விசையில் ழ. 40 சதவீதப் பலகைகளில் இந்த விசைகள் பெரும்பாலும் இருக்காது, வேறொரு விசையை அழுத்திப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அது எப்போதோ தேவைப்படும் குறி. நமக்கு ஒவ்வொரு வரியிலும் வரும் எழுத்து. 60 சதவீதத்தில் எழுத்துகள் எல்லாம் உண்டு, அம்புக்குறி விசைகள் இல்லை. 65 சதவீதத்தில் இரண்டும் உண்டு என்பதால் தமிழில் எழுதுகிறவருக்கு முதல் பலகையாக அதுவே பொருத்தம். இன்னொன்று: விரல் இடம் காட்டும் புடைப்பு உள்ள இரண்டு விசைகளில் ஒன்று தமிழ்99இல் புள்ளி, மற்றது ப. தடவினால் தெளிவாகத் தெரியும் புடைப்புள்ள கீகேப்பாகத் தேடினால் புள்ளி தவறாது.

பிசிபியில் பார்க்க வேண்டியவை

முதல் பலகைக்கு ஹாட்ஸ்வாப் சாக்கெட் உள்ளதே நல்லது. ஸ்விட்ச் பிடிக்காவிட்டால் சால்டர் எடுக்காமல் பிடுங்கி மாற்றலாம். சாக்கெட் கெய்ல் நிறுவன வகையா என்று கேட்டு வாங்குங்கள். பழைய மலிவான பலகைகள் சிலவற்றில் ஒட்டேமு ஸ்விட்சின் மெல்லிய கால் மட்டுமே நுழையும் துளை இருக்கும். அதில் கேட்டரான், கெய்ல், செர்ரி போன்ற மற்ற நிறுவன ஸ்விட்ச் எதுவும் போகாது.

விசைகளின் வேலையை நாமே மாற்ற உதவும் மென்பொருள்களான க்யூஎம்கே, வயா இரண்டும் ஓடுமா என்பது அடுத்தது. வயா இருந்தால் மொழி மாற்றும் விண்டோஸ்-ஸ்பேஸ் சேர்க்கையை ஒற்றை விசைக்கு ஒதுக்கிவிடலாம். ஒரே தட்டில் தமிழ், மறு தட்டில் ஆங்கிலம். நாள் முழுவதும் இரு மொழியில் மாறி மாறி எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி.

எல்ஈடி தெற்கு (நம் பக்கம்) நோக்கியதா வடக்கு (எதிர்ப்பக்கம்) நோக்கியதா என்பதையும் பார்க்க வேண்டும். வடக்கு நோக்கியது என்றால் ஸ்விட்சும் அதற்கேற்பத் திரும்பி உட்காரும். செர்ரி எனப்படும் உயரம் குறைந்த வடிவக் கீகேப்பைப் போட்டால் சில விசைகளில் கீகேப்பின் உள்விளிம்பு ஸ்விட்சின் மேல்மூடியில் இடித்து, விசை முழுவதும் இறங்காமல் நிற்கும். தடித்த பிபிடி பிளாஸ்டிக் கீகேப்பில் இது இன்னும் தெரியும்.

பிசிபியின் தடிமனைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1.6 மி.மீ என்றால் திருகும் ஸ்டெபிலைசர் அப்படியே இறுகும். 1.2 மி.மீ என்றால் வாஷர் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் ஆடும். வயர்லெஸ் ஆசையை முதல் பலகையில் விட்டுவிடலாம். லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு இருப்பதால் பார்சல் தாமதமாகும், வேலையும் கூடும்.

எங்கே வாங்குவது

அலிஎக்ஸ்பிரஸ் என்ற சீன வணிகச் செயலியை இந்திய அரசு 2020 நவம்பரில் தடை செய்தது. அதன் பிறகு மெக்கீஸ், ஸ்டாக்ஸ்கேபி, நியோமேக்ரோ போன்ற இந்தியக் கடைகள்தான் நேர்வழி. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் விலைக்கு மேல் சுங்கவரி, ஐஜிஎஸ்டி, கூரியரின் கையாளும் கட்டணம் மூன்றும் ஏறும், அடையாள ஆவணமும் கேட்பார்கள். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமமானால் ஆர்டர் போடுமுன் எந்தக் கூரியரில் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். வீடுவரை வராத கூரியர் என்றால் ஸ்பீடு போஸ்ட் கேட்டு வாங்கலாம். பொட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். சாக்கெட் ஒன்று பெயர்ந்து வந்திருந்தால் அதுதான் சாட்சி.

சில்லறை எலக்ட்ரானிக் பொருளுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கி.மீ, ஓசூரிலிருந்து 40. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை பூட்டியிருக்கும், சனிக்கிழமை போவது உத்தமம். பிசிபி வாங்காமல் கையால் வயர் இழுத்துக் கட்டுகிறவருக்கு அங்கே எல்லாம் ஒரே தெருவில் முடியும்: 1என்4148 டையோடு விசைக்கு ஒன்று வீதம் 68, உடைவதற்கும் சேர்த்து 100. 0.8 மி.மீ ரோசின் உள்ள சால்டர் வயர். மூளைக்கு ராஸ்பெர்ரி பை பிகோ என்னும் சிறு கட்டுப்பாட்டு அட்டை. பழைய புரோ மைக்ரோ அட்டையில் 18 பின்தான் பயன்படும். 5 வரிசை, 15 நெடுவரிசை என்றால் 20 பின் தேவை. பிகோவில் 26 உண்டு.

ஸ்விட்ச், ஸ்டெபிலைசர்

68 விசைக்கு 70 ஸ்விட்ச் உள்ள பொட்டலம் போதும் என்று தோன்றும். போதாது. கால் மடங்குவதும் ஒன்றிரண்டு கரகரப்பதும் எப்போதும் உண்டு, அதனால்தான் 80. தொழிற்சாலையிலேயே கிரீஸ் தடவிய லீனியர் வகையாக (நடுவில் தட்டுப்படாமல் சீராக இறங்குவது) எடுத்தால் ஸ்விட்சைப் பிரிக்கும் வேலையே இல்லை. பிரித்துத் தடவுவதானால் ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் வீதம் சுமார் மூன்று மணி நேரம் போகும். மின்விசிறிக்கு அடியில் உட்காரக்கூடாது, நம் ஊர்த் தூசி முழுதும் கிரீஸில் படியும்.

கிரீஸ் வாங்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள். லீனியருக்கு வேண்டியது கிரைடாக்ஸ் 205ஜி0. வெறும் 205 என்றால் அதைவிடக் கெட்டியான தரம், ஸ்விட்ச் மந்தமாகிவிடும். 68 ஸ்விட்சுக்கு 5 கிராம் தாராளம். தையல் மெஷின் எண்ணெய், வாசலின், சைக்கிள் கிரீஸ் எதுவும் வேண்டாம். எண்ணெய் வழிந்து தொடுமுனைக்குப் போகும், வாசலின் நாளடைவில் காய்ந்து பழைய சத்தம் திரும்பும்.

ஸ்விட்ச் 5 கால் வகையாக இருந்து பிசிபியில் 3 துளை மட்டும் இருந்தால், இரண்டு பிளாஸ்டிக் காலையும் கட்டரால் அடியோடு வெட்டிவிடலாம். உலோகக் காலைத் தொடக்கூடாது.

ஸ்டெபிலைசர் கணக்கு: 65 சதவீதத்தில் பேக்ஸ்பேஸ், என்டர், இடது ஷிப்ட் மூன்றுக்கும் 2 யூ அளவில் மூன்று, ஸ்பேஸ்பாருக்கு 6.25 யூவில் ஒன்று. வலது ஷிப்ட் 1.75 யூ என்பதால் அதற்கு வேண்டாம். நல்ல பலகையையும் மலிவாகக் காட்டுவது ஸ்டெபிலைசரின் கடகட சத்தம்தான், பணத்தை இங்கே கொஞ்சம் கூடச் செலவழிப்பது தகும்.

கம்பி கோணலாக இருந்தால் எந்தக் கிரீஸும் உதவாது. கம்பியைத் தட்டையான பரப்பில் வைத்து ஒரு முனையைத் தட்டினால் மறு முனை துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் பட்டறையில் கழித்துப்போட்ட, பாலிஷ் போட்ட துண்டு ஒன்று போதும். ஒன்றரை அடி நீளத் துண்டாகக் கேட்டு வாங்கினால் பிளேட் வளைந்திருக்கிறதா, கேஸ் ஆடுகிறதா என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம். வேலைக்கடைகளில் அளவு பார்க்கும் மேஜைக்கும் கிரானைட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். கம்பி முனைக்குச் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸ். ஸ்டெபிலைசருக்கு அடியில், பிசிபி மேல் ஒட்ட மெடிக்கலில் கிடைக்கும் துணிவகைப் பேண்ட்-எய்டைச் சிறு துண்டாக நறுக்கிக்கொள்ளலாம்.

பிளேட்டும் கேஸும்

வெளியூர் ஆர்டரைவிட நம் பக்கத்துக்குச் சாதகமான இடம் இதுதான். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி உலோகத் தகடு வெட்டும் ஃபைபர் லேசர் கடைகள் இருக்கின்றன. டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பு கொடுத்தால் போதும். பிசிபி செய்தவரிடமே அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

துளை 14 மி.மீ சதுரம், தகடு 1.5 மி.மீ. இந்த 1.5இல் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஸ்விட்சின் பக்கவாட்டுக் கொக்கி அந்தத் தடிமனுக்காகச் செய்தது. கடையில் "16 கேஜ் இருக்கு, அதையே போடலாமா" என்பார்கள். அது 1.6க்கும் சற்று மேல், கொக்கி முழுதாக விழாது, கீகேப்பை இழுக்கும்போது ஸ்விட்சும் சேர்ந்து வந்துவிடும். 1.5 மி.மீ எஸ்எஸ் 304 அல்லது அலுமினியம் என்று எழுதிக் கொடுங்கள்.

பவுடர் கோட்டிங்கும் அதே ஊரில் கிடைக்கிறது என்பதற்காகப் பிளேட்டுக்கு அடித்துவிடாதீர்கள். பூச்சு ஒரு பக்கத்துக்குச் சுமார் 60 முதல் 80 மைக்ரான் ஏறும். 1.5 தகடு 1.65க்குப் போகும், 14 மி.மீ துளை 13.85க்குச் சுருங்கும். ஸ்விட்ச் நுழையாது, தட்டி ஏற்றினால் கொக்கி உடையும். நிறம் வேண்டுமென்றால் அலுமினியத்தில் அனோடைஸ் செய்யலாம், அதன் படலம் மிக மெல்லியது.

வெட்டக் கொடுக்குமுன் வரைபடத்தை ஏ3 தாளில் 100 சதவீத அளவில் அச்சிடுங்கள். ஏ4 போதாது, அதன் நீளமே 297 மி.மீ. பிரிண்ட் கடையில் தாளுக்கேற்பச் சுருக்கும் தேர்வை நிறுத்தச் சொல்லி, 16 யூ அகலம் 304.8 வருகிறதா என்று அளந்து, அதன் மேல் பிசிபியை வைத்து ஒத்துப்பாருங்கள். இந்த ஒரு தாள் ஒரு தகட்டைக் காப்பாற்றும்.

கேஸுக்கு உள்ளூர்ப் பெயர்ப்பலகைக் கடையின் லேசரே போதும். அந்த லேசர் அக்ரிலிக்கை அழகாக வெட்டும், உலோகத்தை வெட்டாது. பிவிசி ஃபோம் போர்டை லேசரில் போடச் சொல்லாதீர்கள், நச்சுப்புகை வரும், மெஷினும் அரிக்கும். பாலிகார்பனேட் கருகும்.

அடுக்கு உயரக் கணக்கு: பிளேட்டின் அடிப்பக்கத்திலிருந்து பிசிபி மேற்பரப்பு வரை 3.5 மி.மீ, பிசிபி 1.6, ஆகமொத்தம் 5.1. அதற்குக் கீழே சாக்கெட்டுக்குச் சுமார் 2, அடிப்பக்கம் பொருத்திய டைப்-சி இணைப்பானுக்கு 3.2 அளவு வேண்டும். பிளேட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே 3 மி.மீ அக்ரிலிக் சட்டம் மூன்று அடுக்கினால் 9, கீழே 3.9 மிஞ்சும், தாராளம். ஆனால் கடையில் 3 மி.மீ என்று விற்கும் அக்ரிலிக் பல சமயம் 2.7தான் இருக்கும். மூன்று அடுக்கு 8.1 ஆகி, கீழே 3.0தான் மிஞ்சும், டைப்-சி அடித்தட்டில் இடிக்கும். வெர்னியரால் அளந்துவிட்டு நான்காவது அடுக்கைச் சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள். எம்2 பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (இரு முனையிலும் திருகு ஏறும் சிறு தூண்) அடுக்கின் மொத்தத்தைவிடச் சற்றுக் குட்டையாக இருக்க வேண்டும், அப்போதுதான் திருகு இறுகும்போது அடுக்கு நெருங்கிப் பிடிக்கும். நான்கு அடுக்கு 10.8 என்றால் 10 மி.மீ ஸ்டாண்ட்ஆஃப் சரி. திருகு நுழையும் துளை 2.2. எம்2 திருகும் ட்வீசரும் மொபைல் சர்வீஸ் கடையிலேயே இருக்கும்.

உள்ளே வைக்கும் ஃபோமுக்கு டிவி, பிரிட்ஜ் சுற்றி வரும் வெள்ளைத் தாள் ஃபோம் போதும். பிளேட்டுக்கும் பிசிபிக்கும் நடுவே 3.5க்கு மேல் திணித்தால் ஸ்விட்ச் சாக்கெட்டை எட்டாது. ஐசி வைத்து வரும் கறுப்பு ஃபோம் மின்சாரம் கடத்தும், அது உள்ளே போகவே கூடாது.

மாட்டும் முன்

பிசிபி வந்த அன்றே, ஸ்விட்ச் எதுவும் மாட்டாமல், ஒவ்வொரு சாக்கெட்டின் இரு முனையையும் ட்வீசரால் தொட்டு 68ம் வேலை செய்கிறதா பாருங்கள். கணினி கண்டுகொள்ளவே இல்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் டேட்டா வயரே இருக்காது. இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் ஓடாமல், ஒரு முனை பழைய யூஎஸ்பி-ஏ உள்ள கேபிளில் ஓடினால் பிசிபியில் 5.1கே ரெசிஸ்டர் வைக்கவில்லை என்று அர்த்தம். ஏ முனைக் கேபிளையே வைத்துக்கொள்ளலாம்.

கீகேப்புக்குத் தேட வேண்டிய அளவும் இப்போது தெளிவு: 1.75 யூ வலது ஷிப்ட், ஸ்பேஸ்பாருக்கு வலப்பக்கம் 1 யூவில் மூன்று, 6.25 யூ ஸ்பேஸ்பார். 104 விசைக்கான சாதாரணச் செட்டில் வலது ஷிப்ட் 2.75, வலப்பக்க விசைகள் 1.25 என்றுதான் வரும்.

பிளேட் வந்ததும் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து ஸ்விட்ச் மட்டும் முதலில். கால் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிசிபிக்குப் பின்னால் சாக்கெட்டை விரலால் தாங்கிக்கொண்டு நேராக அழுத்த வேண்டும். தாங்காமல் அழுத்தினால் சாக்கெட் தன் செம்புத் தடத்தோடு பெயர்ந்து வரும். ஐந்தும் பிசிபிக்கு ஒரே உயரத்தில் உட்கார்ந்த பிறகுதான் மீதி 63.