2 மைக்ரான் புள்ளிகள்

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம் மைக்ரோஸ்கோப் எங்கே என்று தேடினேன். ஒரு லேசர், எஃகினால் ஆன வெற்றிட அறை, குளிரூட்டிய கேமரா. அவ்வளவுதான். லென்ஸே கிடையாது.

காரணம் எளிது. நாங்கள் படமெடுப்பது அதிதீவிர புற ஊதா ஒளியில். அதைக் கண்ணாடி விழுங்கிவிடும், காற்றும் விழுங்கிவிடும். 13.5 நானோமீட்டர் அலைநீளத்துக்கென்றே மாலிப்டினமும் சிலிக்கானும் அடுக்கடுக்காகப் பூசிய ஆடிகூட ஏறத்தாழ 70 சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். அதனால் மாதிரியில் பட்டுச் சிதறும் ஒளியை நேராகக் கேமராவில் பிடித்துக்கொண்டு, லென்ஸின் வேலையைக் கணினியிடம் விட்டுவிடுகிறோம். சிக்கல் என்னவென்றால், கேமராவுக்கு ஒளியின் செறிவு மட்டும்தான் தெரியும். அலையின் கட்டம் (phase), அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பது, தொலைந்துபோகும். அதை மீட்கும் முறைதான் டைக்கோகிராஃபி. மாதிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒளி படும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நூற்றுக்கணக்கில் படம் எடுப்போம். அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் மாதிரியையும் ஒளிக்கற்றையையும் கணினி கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும். 1969-இல் இயற்பியலாளர் வால்டர் ஹோப்பே எலக்ட்ரான்களுக்காக யோசித்தது இதன் வேர்.

எங்கள் ஒளி, ஆர்கான் வாயுவில் 800 நானோமீட்டர் லேசரைக் குவித்துப் பெறும் 27-ஆவது ஹார்மோனிக், அதாவது அலைநீளம் 27-இல் ஒரு பங்காகக் குறைந்த ஒளி. சுமார் 30 நானோமீட்டர். பாதி நாள் வெற்றிடத்துக்காகக் காத்திருப்பதிலேயே போகும். லேசரைத் தடுக்கும் அலுமினியப் படலம் 200 நானோமீட்டர் தடிமன்தான். அவசரமாக வால்வைத் திறந்து ஒருமுறை நானே கிழித்தேன், அந்தக் கதை வேண்டாம்.

சொல்ல வந்தது வேறு. சிலிக்கானில் செதுக்கிய கோடுகளைப் படமெடுத்தபோது, அவற்றின்மேல் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. அழகென்றால் அப்படி ஓர் அழகு. செதுக்கும்போது வந்த குறை என்று முடிவுகட்டி, அறிக்கையில் ஒரு பத்தியே எழுதிவிட்டேன். அதைப் படித்த சீனியர் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்கேன் ஸ்டெப் எவ்வளவு வெச்சீங்க?"

ஒவ்வொரு முறையும் மாதிரியை நகர்த்தியது 2 மைக்ரான். புள்ளிகளின் இடைவெளியும் 2 மைக்ரான்.

காது சுட்டது. ஒரே அளவு அடியெடுத்துச் சதுரக் கட்டங்களாக நகர்த்தினால், அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பொய்யைக் கணினியால் பிரித்தறிய முடியாது. அந்தப் பொய்யை மாதிரியின் படத்தில் பெருக்கி, ஒளிக்கற்றையின் வடிவத்தில் அதே அளவு வகுத்துவிடும்; இரண்டும் சேரும்போது பொய் மறைந்துவிடும். கேமராப் படங்களோடு கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். கணக்குக்கும் கேமராப் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் பிழை எண் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன்! அந்த எண்ணை மட்டும் நம்பி உட்காருவதை அன்றோடு விட்டேன்.

சரி என்று சுருள் வடிவத்தில் நகர்த்தி மறுபடி எடுத்தோம். புள்ளிகள் காணாமல் போயின. புதிய படம் அவ்வளவு அழகாக இல்லை. கோடுகளின் விளிம்பு கரடுமுரடு, ஒரு கோடு நடுவில் அறுந்திருந்தது. அப்புறம் அதே மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். அதே கோடு, அதே இடத்தில் அறுந்திருந்தது.